மின்பகுளி லித்தியம் உலோகத்தைத் தாங்குமா? ஆய்வகத்தில் சோதித்தறியும் முறை

புதிதாகச் சுரண்டிய லித்தியம் தகடு வெள்ளியைப் போலப் பளபளக்கும். அதன் மேல் ஒரு துளி மின்பகுளி (மின்கலத்தின் இரு முனைகளுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் கரைசல்) பட்ட கணத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் அங்கே உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டால் லித்தியத்தின் மின்னழுத்தம் மைனஸ் 3.04 வோல்ட். இவ்வளவு தாழ்ந்த மின்னழுத்தத்தில், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கார்பனேட், ஈதர் கரைப்பான்களும் உப்பின் எதிரயனிகளும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு சிதையவே செய்யும். ஆகவே ஒரு மின்பகுளி லித்தியத்தோடு வினைபுரியாமல் இருக்குமா என்று கேட்பதில் பயனில்லை. சிதைவினால் உண்டாகும் படலம் மேலும் நடக்கக்கூடிய சிதைவைத் தடுத்து நிறுத்துகிறதா, நிறுத்துவதற்கு ஒவ்வொரு மின்னேற்ற-மின்னிறக்கச் சுற்றிலும் எவ்வளவு லித்தியத்தைத் தின்கிறது என்றே கேட்க வேண்டும். எலக்ட்ரானைத் தடுத்து லித்தியம் அயனியை மட்டும் கடத்தும் திண்ம மின்பகுளியாகவே இந்தப் படலம் நடந்துகொள்கிறது என்று இமானுவேல் பெலெட் 1979இல் விளக்கினார். இக்கட்டுரையில் அதை இடைமுகப் படலம் என்று குறிப்பிடுகிறேன்.

சொல்வழக்கு பற்றி இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் பாடநூல்கள் ஆனோடை நேர்மின்முனை என்று பழக்கியிருக்கின்றன. மின்னாற்பகுப்புக் கலத்துக்கு அது பொருந்தும். மின்கலத்திலோ ஆனோடு எதிர்முனையாக அமைகிறது. இந்தக் குழப்பத்தில் மாணவர்கள் கம்பியை மாற்றி இணைப்பதை நான் பலமுறை பார்த்திருப்பதால், ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களையே இங்கே பயன்படுத்துகிறேன்.

ஒரு கிராம் லித்தியத்தில் 3860 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் அடங்கும். கிராஃபைட்டில் அது 372 மட்டுமே. ஸ்டான்லி விட்டிங்காம் 1970களில் டைட்டானியம் டைசல்ஃபைடோடு இணைத்துச் செய்த கலத்திலேயே லித்தியம் உலோகம்தான் ஆனோடு. ஆனால் 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த கலத்தில் கரிம ஆனோடு வந்துவிட்டது. மின்பகுளிக்கும் லித்தியம் உலோகத்துக்கும் இடையிலான இந்தப் பூசல்தான் அதற்கு முதன்மையான காரணம்.

கைவைக்கும் முன்

லித்தியம் தீப்பற்றினால் நீரும் கரியமிலவாயு அணைப்பானும் நெருப்பை வளர்க்கும். லித்தியத் தீக்கு ஏற்ற டி வகை அணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்பைக் கையாளும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கட்டாயம் இருக்க வேண்டும். ஏனெனில் அந்த உப்பு ஈரத்தைச் சந்தித்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு பிறக்கும், அது தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும். இந்த இரண்டும் இல்லாத ஆய்வகத்தில் வேலையைத் தொடங்க வேண்டாம்.

க்ளவ்பாக்ஸில் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டியில்) ஆர்கான்தான் இருக்க வேண்டும். செலவு குறைவு என்று நைட்ரஜனை நிரப்ப நினைப்பவர்கள், லித்தியம் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாக மாறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நீர், ஆக்சிஜன் இரண்டின் அளவும் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) கீழே, கூடுமானால் 0.1 பிபிஎம்முக்கு அருகில் இருப்பது நல்லது. தகட்டில் கறுத்த புள்ளிகள் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை நைலான் தூரிகையால் தேய்த்தோ கத்தியால் சுரண்டியோ புதிய பரப்பைக் கொண்டுவர வேண்டும். உருளையால் தட்டையாக்கும்போது இடையில் பாலிப்ரொப்பிலீன் தாள் வைக்காவிட்டால் லித்தியம் உலோகக் கருவியில் ஒட்டிக்கொண்டு கிழியும்.

நீரும் உப்பும்

ஒரு மின்பகுளியைப் பற்றிய முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது நீரைத்தான். கரைப்பானை 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூற்றுச் சல்லடையில் (நீரை உறிஞ்சும் நுண்துளை மணிகளில்) குறைந்தது இரண்டு நாள் ஊறவிட வேண்டும். சல்லடையையும் அதற்கு முன் வெற்றிடத்தில் சுமார் 300 டிகிரி செல்சியஸில் காயவைத்திருக்க வேண்டும். ஊறிய பின் கார்ல் ஃபிஷர் கருவியில் நீரின் அளவு 20 பிபிஎம்முக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். உப்பைச் சேர்ப்பது அதன் பிறகே. உப்பைக் கரைத்த பின் சல்லடையைப் போட்டால், சல்லடையிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் லித்தியத்தோடு இடம் மாறிக்கொள்ளும். கரைசலில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருந்தால் அது சல்லடையையே அரிக்கும்.

ஈரம் நேரடியாக எவ்வளவு லித்தியத்தைத் தின்னும் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு காயின் செல்லில் (நாணய வடிவச் சிறு மின்கலத்தில்) 75 மைக்ரோலிட்டர், அதாவது ஏறக்குறைய 90 மில்லிகிராம் மின்பகுளி ஊற்றுகிறோம். அதில் 20 பிபிஎம் நீர் என்றால் 1.8 மைக்ரோகிராம், அதாவது 0.1 மைக்ரோமோல். ஒரு நீர் மூலக்கூறு ஓர் அணு லித்தியத்தைத் தின்பதாகக் கொண்டால் இழப்பு சுமார் 2.7 மைக்ரோ ஆம்பியர்-மணிதான். 1 மில்லி ஆம்பியர்-மணி சோதனையில் இது பெரிதல்ல. நீரின் உண்மையான தொல்லை வேறு வழியில் வருகிறது. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் சிதைந்து தரும் பாஸ்பரஸ் பென்டாஃபுளோரைடோடு நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகிறது. அது இடைமுகப் படலத்தின் வேதி அமைப்பையே மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் எப்போதும் கெடுதலாகவே முடியும் என்றும் சொல்ல முடியாது. கார்பனேட் மின்பகுளியில் வேண்டுமென்றே 50 பிபிஎம் நீர் சேர்த்தபோது லித்தியம் மரக்கிளைபோல் வளராமல் சீராகப் படிந்ததாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நீரின் அளவை அளக்காமல் உங்கள் புதிய சேர்பொருள் வேலை செய்தது என்று அறிவித்தால், நீங்கள் புகழ்வது சேர்பொருளையா, அதன் புட்டியோடு உள்ளே வந்த ஈரத்தையா என்று சொல்ல வழியிருக்காது.

ஈதர்களுக்கு வேறொரு கவனம் தேவை. டைமீத்தாக்சிஈத்தேன், டையாக்சோலேன் இரண்டும் காற்றுப் பட்டு நாளானால் பெராக்சைடு சேர்க்கும். வாங்கியதும் சோதனைத்தாளால் பார்த்துவிடுங்கள். பெராக்சைடைத் தடுக்க விற்பனையாளர் பீனால் வகைத் தடுப்பான் சேர்த்திருக்கலாம். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி லித்தியத்தோடு வினைபுரியும் என்பதால் தடுப்பான் சேர்க்காத புட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். டையாக்சோலேனில் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்பைக் கரைக்க முயன்றால் வளையம் திறந்து பலபடியாகி, குப்பிக்குள் ஜெல்லி கிடைக்கும். லித்தியம் நைட்ரேட் ஈதரில் நன்றாகக் கரையும், கார்பனேட்டில் ஏறக்குறைய கரையவே கரையாது. அடியில் தங்கிய தூளைப் பார்க்காமல் 2 சதவீதம் சேர்த்தேன் என்று குறிப்பேட்டில் எழுதியவர்கள் உண்டு.

முதலில் குப்பிச் சோதனை

மின்சாரம் எதுவுமில்லாமல் செய்யும் இந்தச் சோதனையைப் பலர் குழந்தை விளையாட்டாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். மூடி இறுகிய நான்கு கண்ணாடிக் குப்பிகளில் தலா 2 மில்லிலிட்டர் மின்பகுளி எடுத்து, இரண்டில் மட்டும் சுரண்டிய லித்தியத் துண்டு போடுங்கள். லித்தியம் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று ஒரு ஜோடியை 25 டிகிரியிலும் அதே போன்ற இன்னொரு ஜோடியை 60 டிகிரியிலும் வைத்து, இரண்டு வாரம் தினமும் ஒரே வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் முன்னால் வைத்துப் படம் எடுங்கள். நிறமாற்றம், கலங்கல், குமிழி, லித்தியத்தின் மேல் ஏறும் சாம்பல் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் போடாத குப்பிகள் எதற்கு என்று கேட்கலாம். ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் கரைந்த கார்பனேட் 60 டிகிரியில் லித்தியம் இல்லாமலேயே மஞ்சளாகி, நாளடைவில் பழுப்பாகும். ஒப்பிட வெறும் குப்பி இல்லையென்றால் அந்தப் பழியை லித்தியத்தின் மேல் போட்டுவிடுவோம். இந்தச் சோதனையில் தோற்றுப்போகும் கலவையைக் கலத்துக்குள் ஊற்றுவதில் பொருளில்லை. தேறியது என்பதற்காக நல்ல மின்பகுளி என்றும் முடிவு கட்டக் கூடாது. ஏனெனில் குப்பியில் லித்தியத்தின் பரப்பு அப்படியே கிடக்கிறது, கலத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் புதிய பரப்பு பிறக்கிறது.

காயின் செல் கட்டுதல்

2032 அளவு காயின் செல் போதும். 15.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் வட்டு, அதைவிடப் பெரிய பாலிப்ரொப்பிலீன் பிரிப்புத்தாள், எதிரில் இன்னொரு லித்தியம் வட்டு அல்லது செம்புத் தகடு, மேலே எஃகு வட்டும் சுருள்வில்லும் என்ற வரிசையில் அடுக்க வேண்டும். செம்பை நீர்த்த அமிலத்தில் சிறிது நேரம் நனைத்து, நீரிலும் அசிட்டோனிலும் கழுவி, வெற்றிடத்தில் காயவைத்தே உள்ளே கொண்டுவர வேண்டும். மின்பகுளியின் அளவைப் பிப்பெட்டால் ஒரே மாதிரி அளந்து ஊற்றுவதும், ஒவ்வொரு கலவைக்கும் குறைந்தது மூன்று செல் கட்டுவதும், மூன்றில் ஒன்று கெட்டால் அதையும் சேர்த்தே அறிக்கையில் காட்டுவதும் கட்டாயம்.

கட்டிய செல்களை வெப்பநிலை மாறாத பெட்டியில் வைத்துச் சோதிக்க வேண்டும். எங்கள் ஊர்க் கோடையில் மாலை 6 மணிக்கு ஏசியை அணைத்துவிட்டுப் போவது வழக்கம். ஒருமுறை எல்லாச் செல்களின் மிகைமின்னழுத்தமும் (மின்னோட்டத்தைச் செலுத்தத் தேவைப்படும் கூடுதல் மின்னழுத்தமும்) 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அலைபோல் ஏறி இறங்கியது. அதைப் படலத்தின் சுவாசம் என்று ஒரு மாணவர் அழகாக விளக்கம்கூட எழுதிவிட்டார். அறையின் வெப்பநிலையைப் பதிவுசெய்து பார்த்த பிறகுதான் சுவாசித்தது அறை என்று தெரிந்தது.

ஓய்வில் மின்மறுப்பு

லித்தியம் இருபுறமும் உள்ள சமச்சீர் செல்லை எந்த மின்னோட்டமும் கொடுக்காமல் வைத்துவிட்டு, முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறையும் பிறகு தினம் ஒருமுறையும் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்குச் செல் காட்டும் தடையை) அளக்க வேண்டும். 10 மில்லிவோல்ட் வீச்சில், 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 0.1 ஹெர்ட்ஸ் வரை போனால் போதும். வரைபடம் இடக்கோடியில் கிடையச்சைத் தொடும் இடம் மின்பகுளியின் தடையையும், அடுத்து வரும் அரைவட்டத்தின் அகலம் இரு இடைமுகங்களின் தடையையும் காட்டும். இரண்டு இடைமுகங்கள் இருப்பதால் பாதியாக்கி, பரப்பால் பெருக்கி, ஓம் சதுர சென்டிமீட்டரில் எழுதுங்கள்.

அரைவட்டம் முதல் ஓரிரு நாளில் வளர்ந்து நின்றுவிட்டால் படலம் தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். நாள்தோறும் வளர்ந்துகொண்டே போனால் சிதைவு நிற்கவில்லை. இடக்கோடியும் வலப்புறம் நகர்ந்தால் மின்பகுளியே குறைகிறது அல்லது வறள்கிறது என்று பொருள். அப்போது செல்லின் மூடலையும் சந்தேகிக்க வேண்டும்.

சமச்சீர் செல் ஏமாற்றும் விதம்

இப்போது அதே வகைச் செல்லில் மின்னோட்டம் கொடுத்து, ஒரு மணி நேரம் இந்தப் பக்கம், ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் என்று லித்தியத்தை நகர்த்துகிறோம். ஆயிரம் மணி நேரம் ஓடியது, இரண்டாயிரம் மணி நேரம் ஓடியது என்று வெளிவரும் வரைபடங்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையைச் சேர்ந்தவை. இத்துறையில் நான் மிகக் குறைவாக நம்புவதும் இந்தச் சோதனையைத்தான்.

என் தொடக்க ஆண்டுகளில் 900 மணி நேரம் அசையாமல் ஓடிய ஒரு செல்லின் வரைபடத்தை வாரக் கூட்டத்தில் பெருமையோடு காட்டினேன். பின்வரிசையில் இருந்த மூத்தவர் ஒருவர் 140ஆம் மணியைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பெரிதாக்கினேன். அதுவரை 62 மில்லிவோல்ட்டில் இருந்த கோடு ஒரே சுற்றுக்குள் 19க்கு இறங்கி, அங்கேயே கிடந்தது. மிகைமின்னழுத்தம் குறைந்ததைப் படலம் பக்குவப்பட்டதன் அடையாளம் என்று நான் எழுதி வைத்திருந்தேன். உண்மையில் மெல்லிய லித்தியக் கிளையொன்று பிரிப்புத்தாளைக் கடந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டிருந்தது. மிச்சம் 760 மணி நேரமும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி அந்த மெல்லிய இழை வழியாகவே போயிருக்கிறது. செல் செத்த பிறகும் கருவி ஓடிக்கொண்டிருந்தது, வரைபடம் நீண்டுகொண்டிருந்தது.

இதை மென்குறுக்குச்சுற்று என்பார்கள். இருபுறமும் லித்தியமே இருப்பதால் மின்னோட்டமில்லா நிலையில் மின்னழுத்தம் எப்போதும் சுழிதான். ஆகவே குறுக்குச்சுற்று தன்னைக் காட்டிக்கொடுக்காது. அதைப் பிடிக்க ஒவ்வொரு அரைச்சுற்றின் வடிவத்தையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். உண்மையாக லித்தியம் படிந்து கரையும்போது, தொடக்கத்தில் ஒரு முகடு எழும், நடுவில் தாழும், முடிவில் மறுபடி ஏறும். பல சுற்றுகள் ஓடி, செயலிழந்த லித்தியம் குவிந்துவிட்டால் இந்த வடிவம் வில் போல வளையும். வளைவும் முகடும் மறைந்து கோடு கட்டம் போட்டாற்போல் நேராகிவிட்டால் ஐயப்பட வேண்டும். அப்போது மின்னோட்டத்தை இருமடங்காக்கிப் பாருங்கள். மின்னழுத்தமும் உடனே மிகச் சரியாக இருமடங்கானால், அது ஒரு கம்பியின் தடையைப் போல நடந்துகொள்கிறது என்று பொருள். உறுதிப்படுத்த மின்மறுப்பை அளக்கலாம். முன்பிருந்த அரைவட்டம் சுருங்கிக் காணாமல் போயிருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. இந்த அளவீட்டை 50 சுற்றுக்கு ஒருமுறை நிரலிலேயே சேர்த்துவிட்டால், பின்னால் யாரும் பெரிதாக்கச் சொல்லும்படி நேராது.

இழப்பை எண்ணால் அளத்தல்

சமச்சீர் செல்லில் இருபுறமும் லித்தியம் குவிந்து கிடப்பதால், எவ்வளவு வீணானாலும் செல் ஓடும். இழப்பை அளக்க ஒரு பக்கம் செம்புத் தகடு வைக்க வேண்டும். 2018இல் ஆடம்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. தொடங்குபவருக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

முதலில் செம்பின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லி ஆம்பியர்-மணி லித்தியத்தை 0.5 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் படிவித்து, 1 வோல்ட் வரும்வரை முழுவதும் கரைத்தெடுக்க வேண்டும். செம்பின் மேலிருக்கும் ஆக்சைடும் முதல் படலமும் தின்னும் லித்தியத்தை இந்தச் சுற்று ஏற்றுக்கொள்வதால், அது கணக்கில் சேராது. பிறகு மறுபடியும் 5 மில்லி ஆம்பியர்-மணி படிவித்து, அந்தக் கையிருப்பிலிருந்து 1 மில்லி ஆம்பியர்-மணி கரைப்பதும் 1 மில்லி ஆம்பியர்-மணி படிவிப்பதுமாகப் பத்துச் சுற்று ஓட்ட வேண்டும். கடைசியில் மிச்சமிருப்பதை 1 வோல்ட் வரை கரைத்தெடுத்து, கிடைத்த மின்னூட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்துச் சுற்றில் கரைந்தது 10, கடைசியில் கிடைத்தது 4.70 என்றால் மொத்தம் 14.70. படிவித்தது கையிருப்பு 5, சுற்றுகளில் 10, ஆக 15. பின்னதால் முன்னதை வகுத்தால் 0.98; கூலும் செயல்திறன் 98 சதவீதம்.

98 சதவீதம் என்பதைத் தேர்வு மதிப்பெண் போலப் படித்து மகிழக் கூடாது. கையிருப்பாக அதிக லித்தியம் இல்லாத கலத்தில் சுற்றுக்கு 2 சதவீதம் போனால், 11 சுற்றிலேயே கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 99 சதவீதம் என்றால் 22 சுற்று. 99.8 என்றால் 111. ஆயிரம் சுற்று வேண்டுமென்றால் 99.98ஐ நெருங்க வேண்டும். ஒப்பீட்டுக்குச் சொல்வதானால், எத்திலீன் கார்பனேட்டும் டைமெத்தில் கார்பனேட்டும் கலந்த வழக்கமான மின்பகுளி 90 சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ நிற்கும். ஃபுளோரோஎத்திலீன் கார்பனேட் சேர்த்தால் கணிசமாக ஏறும். லித்தியம் நைட்ரேட் சேர்த்த ஈதர் 98 முதல் 99 வரை தரும். டைமீத்தாக்சிஈத்தேனில் லித்தியம் எஃப்எஸ்ஐ என்ற ஃபுளோரின் கொண்ட இமைடு உப்பை லிட்டருக்கு 4 மோல் அளவுக்குச் செறிவாகக் கரைத்தபோது 99.1 சதவீதம் கிடைத்ததாக 2015இல் பதிவாகியுள்ளது. அவ்வளவு செறிவில் தனித்துத் திரியும் கரைப்பான் மூலக்கூறுகள் மிகக் குறைந்து, எதிரயனிகளே முந்திக்கொண்டு சிதைந்து, லித்தியம் ஃபுளோரைடு செறிந்த படலத்தைத் தருகின்றன. பின்னாளில் லித்தியம் அயனியோடு பிணையாத ஃபுளோரினேற்ற ஈதரைச் சேர்த்து, அந்த அமைப்பைக் குலைக்காமலே பாகுத்தன்மையைக் குறைத்து, 99.5 வரை வந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 99.5க்கும் 99.6க்கும் உள்ள வேறுபாடு மேற்கண்ட சோதனையில் 15 மைக்ரோ ஆம்பியர்-மணிதான். உங்கள் கருவியின் துல்லியமே 0.1 சதவீதம் என்றால் அந்த வேறுபாட்டைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமையில்லை. சுற்றுக்குச் சுற்று அளக்கும் முறையில் 100 சதவீதத்தைத் தாண்டிய எண் வந்தால் அதைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். முந்தைய சுற்றில் தொடர்பறுந்த லித்தியம் மீண்டும் ஒட்டியிருக்கலாம், அல்லது மேலே சொன்ன மென்குறுக்குச்சுற்று தொடங்கியிருக்கலாம்.

படிவித்து ஓய்வு கொடுத்தல்

ஓடும்போது நன்றாக இருக்கும் மின்பகுளி, சும்மா இருக்கும்போது லித்தியத்தை அரிக்கக்கூடும். செம்பின் மேல் படிவித்த லித்தியத்தை உடனே கரைத்தெடுத்தால் எவ்வளவு கிடைக்கிறது, 24 மணி நேரம் ஓய்வுக்குப் பின் எவ்வளவு, ஒரு வாரத்துக்குப் பின் எவ்வளவு என்று மூன்று செல்களில் பாருங்கள். மின்பகுளி எதுவானாலும் 24 மணி நேர ஓய்விலேயே குறைந்தது 2 முதல் 3 சதவீதம் லித்தியம் போய்விடுவதாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2021இல் காட்டினர். செம்பில் லித்தியம் படியாத இடங்கள் மின்பகுளியில் நனைந்திருந்தால், லித்தியத்துக்கும் செம்புக்கும் இடையே நடக்கும் கால்வானிக் அரிப்பும் இதில் சேரும்.

கேத்தோடு பக்கம்

லித்தியத்துக்கு இணக்கமான ஈதர்கள் பொதுவாக 4 வோல்ட்டுக்கு மேல் ஆக்சிஜனேற்றம் அடையும். எஃப்எஸ்ஐயைப் போன்ற இன்னொரு இமைடு உப்பான டிஎஃப்எஸ்ஐ 3.8 வோல்ட்டை ஒட்டி அலுமினியத் தகட்டை அரிக்கத் தொடங்கும். மின்னழுத்தத்தைச் சீராக உயர்த்திச் செய்யும் சோதனை, அதிலும் வழுவழுப்பான பிளாட்டினத்தில் செய்தால், உண்மையைவிட உயர்ந்த எல்லையைக் காட்டும். அதற்குப் பதில் உண்மையான கேத்தோடை 4.2, 4.3, 4.4 வோல்ட் என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் பத்து மணி நேரம் நிறுத்திக் கசிவு மின்னோட்டத்தைப் பாருங்கள். அது சுழியை நோக்கி இறங்காமல் நின்றுவிடும் இடமே எல்லை. அங்கே பிறக்கும் பொருள்கள் மின்பகுளியில் மிதந்து வந்து லித்தியத்தின் படலத்தைக் கெடுக்கும் என்பதால் இரு பக்கத்தையும் தனித்தனியாகத் தேற்றுவது போதாது.

நடைமுறை அளவுக்குக் கொண்டுவருதல்

முழுக் கலத்தில் ஐந்நூறு சுற்று ஓடியது என்ற செய்தியைப் படித்தால், நான் முதலில் தேடுவது லித்தியத்தின் தடிமனையும் மின்பகுளியின் அளவையும்தான். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர்-மணி என்பது லித்தியத்தில் ஏறக்குறைய 4.85 மைக்ரோமீட்டர் தடிமன். அப்படியானால் கடையில் கிடைக்கும் 250 மைக்ரோமீட்டர் தகட்டில் 51 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் இருக்கிறது. எதிரில் இருக்கும் கேத்தோடு 4 என்றால், தேவையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் லித்தியம் பின்னால் காத்திருக்கிறது. சுற்றுக்கு 2 சதவீதம் வீணானாலும் அந்தக் கலம் நூற்றுக்கணக்கான சுற்றுகளுக்கு வெளியே எதையும் காட்டாது.

மின்பகுளிக்கும் அதே கதைதான். 12.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் கேத்தோடில் மொத்தம் 5 மில்லி ஆம்பியர்-மணி; அதற்கு 90 மில்லிகிராம் ஊற்றினால் ஆம்பியர்-மணிக்கு 18 கிராம். பயன்பாட்டுக்கு வரக்கூடிய கலத்தில் 3 கிராமை ஒட்டியே ஊற்ற முடியும். நைட்ரேட், ஃபுளோரோஎத்திலீன் கார்பனேட் போன்ற சேர்பொருள்கள் தாமே சிதைந்துதான் படலத்தைக் காக்கின்றன. ஆறு மடங்கு இருக்கும்போது தீராதது, அளவாக ஊற்றும்போது சில பத்துச் சுற்றுகளில் தீர்ந்துவிடும். தீர்ந்த நாளில் செயல்திறன் செங்குத்தாகச் சரியும். ஆகவே தேறிய கலவையை 50 மைக்ரோமீட்டர் அல்லது அதனினும் மெல்லிய லித்தியம், தடித்த கேத்தோடு, குறைந்த மின்பகுளி என்ற மூன்றும் சேர்ந்த செல்லில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காமல் எதையும் அறிவிக்க வேண்டாம்.

வேறு உலோகங்களுக்கு இதே வரிசை பொருந்தும், முடிவுகள் பொருந்தா. சோடியம் கார்பனேட்டில் லித்தியத்தைவிட மோசமாக நடந்துகொள்கிறது. ஆனால் டைகிளைம் என்ற ஈதரில் கரைத்த சோடியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டில் 99.9 சதவீதச் செயல்திறன் கிடைத்ததாக 2015இல் வெளியாயிற்று. மெக்னீசியத்தில் சிக்கல் தலைகீழ்: கார்பனேட்டில் உருவாகும் படலம் மெக்னீசியம் அயனியையே கடக்கவிடாமல் அடைத்துவிடும்.

செல்லைத் திறந்து பார்த்தல்

ஓடி முடிந்த செல்லைக் க்ளவ்பாக்ஸுக்குள், நெகிழிக் கவ்வியைக் கொண்டு திறக்க வேண்டும். உலோகக் கவ்வி இரு பக்கத்தையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும். லித்தியத்தை மின்பகுளியில் பயன்படுத்திய அதே கரைப்பானால் மெல்லக் கழுவி உலர்த்துங்கள். சாம்பல் நிறத்தில் இறுகிய படிவு நல்ல அறிகுறி. கறுப்பாகப் பொடிந்து பிரிப்புத்தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தால், தொடர்பறுந்த லித்தியம் நிறையச் சேர்ந்திருக்கிறது. இழந்த லித்தியத்தில் எவ்வளவு படலமாகப் போயிற்று, எவ்வளவு உலோகமாகவே சிக்கிக்கொண்டது என்று பிரித்தறிய, மிச்சத்தை மூடிய குப்பியில் நீரோடு வினைபுரியவிட்டு, வெளிவரும் ஹைட்ரஜனை வாயு நிறச்சாரல் பிரிகையில் அளக்கலாம். பெரும்பாலும் உலோகமே ஹைட்ரஜன் தரும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2019இல் இப்படி அளந்தபோது, இழப்பின் பெரும்பகுதி சிக்கிக்கொண்ட உலோகமே என்று தெரியவந்தது.

அந்தக் கறுத்த பொடி புதிய தகட்டைவிட வேகமாகத் தீப்பிடிக்கும். துடைத்த தாள், பிரிப்புத்தாள், சுரண்டல் எல்லாவற்றையும் மூடிய குப்பியில் வெளியே எடுத்து, புகைபோக்கி அறையில் ஐசோப்ரொப்பனாலுக்குள் சிறிது சிறிதாகப் போட்டு, குமிழி முழுவதும் அடங்கும் வரை மூடாமல் வைத்திருங்கள். குமிழி நின்ற பிறகு சிறிது நீர் விட்டு, மறுபடியும் குமிழி எழவில்லை என்று பார்த்துக்கொண்டு, அதன் பின்னரே அதைக் கழிவுப் புட்டியில் சேருங்கள்.